நன்றி: இணையம்

நான். என் மனைவி ஸ்டெல்லா. அவள் தம்பி அருள். போன வாரம் எங்கள் பட்டறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நாலாவது ஆள் போனில் இருந்தார். ஸ்பீக்கரில்.

விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறோம். இணையத்தில் ஒரு வீடியோ சேனல் வைத்திருக்கிறோம். கார்த்திகை ஆர்டரில் பாதி அதைப் பார்த்துத்தான் வருகிறது. எடிட்டிங் ஸ்டெல்லா. போனிலேயே செய்துவிடுவாள்.

இந்த முறை எங்கள் விளக்கைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு காட்சி சேர்த்தாள். விடிகாலை வெள்ளாறு. தண்ணீரில் விளக்குகள் மிதந்து போகின்றன... அருள் எங்கிருந்தோ டவுன்லோடு செய்து கொடுத்தது. வீடியோ ஓடு ஓடென்று ஓடியது. இருபதாயிரம் பேரைத் தாண்டியது.

அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. காட்சியை எடுத்தவர் சேத்தியாத்தோப்புக்காரர். வீடியோவை நீக்குங்கள், இல்லையென்றால் புகார் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார். புகார்கள் சேர்ந்தால் சேனலையே தூக்கிவிடுவார்கள். சீசன் நேரம்.

ஸ்டெல்லா அவருக்குப் போன் போட்டாள்.

“நல்லா இருக்குதேன்னுதாங்க எடுத்தோம். கீழ நன்றி போட்டிருக்கோமே சார்.”

“பார்த்தேங்க. நன்றி, இணையம்னு போட்டிருக்கீங்க. இணையமா சேத்துல நின்னு புடிச்சுது?”

“உங்க பேரப் போட்டுடட்டுங்களா?”

“இத ஒரு கடை விளம்பரத்துக்கு விக்கிறதுக்குப் பேசிக்கிட்டிருக்கேங்க. உங்களுதுல ஓடுனா அவங்க எதுக்கு வாங்குவாங்க?”

கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

போனை வைத்ததும் அருள் ஆரம்பித்தான்.

“இடம் வலமா திருப்பி, கலர மாத்திப் போட்டுடலாம்க்கா. அவருக்கே அடையாளம் தெரியாது. நம்ம ஊர்ல யாரு கேட்டுக்கிட்டு அச்சு எடுக்கிறாங்க?”

அவன் சொன்னது நிஜம். ஒரு பட்டறையில் புதுப் பொம்மை வந்தால் கடையில் ஒன்று வாங்குவோம். அதன் மேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்துவிடுவோம். கேட்டு எடுத்தால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போன வருஷம் ஸ்டெல்லா சொந்தமாக ஒரு பொம்மை செய்தாள். மடியில் கோழியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண். கொஞ்ச நாளிலேயே பக்கத்துப் பட்டறையில் அதே பெண், அதே கோழி. கோழிக்கு மட்டும் வேறு நிறம். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“கோழிக்கு வேற கலர் அடிச்சிட்டா வேற பொம்மையாடா?” என்றாள் இப்போது.

அவள் வீடியோவை நீக்கினாள்.

டவுன்லோடு ஆகிறது என்பதாலேயே ஒன்று நம்முடையது ஆகிவிடுமா? நன்றி சொல்வது வேறு. அனுமதி வாங்குவது வேறு. இது எங்களுக்கு இப்போதுதான் உறைத்தது.

எடுத்தவர்களே மற்றவர்கள் பயன்படுத்தட்டும் என்று விட்டு வைத்த வீடியோக்களும் இருக்கின்றன. தேடும்போதே அதற்கு ஒரு ஃபில்டர் உண்டு. சிலர் பெயர் போடச் சொல்கிறார்கள். வியாபாரத்துக்கு ஆகாது என்கிறார்கள் சிலர். வெட்டி ஒட்டக் கூடாது என்பவர்களும் உண்டு. படித்துப் பார்த்தால் தெரிகிறது... யார் படிக்கிறோம்?

அக்காவும் தம்பியும் உட்கார்ந்து படித்தார்கள். கடைக்காரர்களும் பயன்படுத்தலாம் என்று ஒருவர் கொடுத்திருந்த விடிகாலை வானம் கிடைத்தது. அவர் பெயரைப் போட்டார்கள். மீதிக் காட்சி எங்கள் சூளை, எங்கள் விளக்கு. ஏற்றுவது என் கை.

புது வீடியோ ஏறி நாலு நாள் ஆகிறது.

பார்த்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.