வாயை எடுத்த பிறகும் வாசித்த துலும்

ஊதுகிற வாய் ஆணுடையதா பெண்ணுடையதா என்று ஆட்டுத்தோலுக்குத் தெரியுமா? துருக்கியின் கச்கார் மலைச்சரிவில் தேயிலை பறிக்கும் சபீரேவுக்கு நாற்பத்தொரு வயது. இருபது வருடமாக மேய்ச்சல் மேட்டில் பசுக்களுக்குத்தான் துலும் என்ற ஆட்டுத்தோல் பைக்குழலை வாசித்தாள். ஊர்த்திருவிழாவில் ஆம்பளை ஊதினால்தான் ஹோரோன் என்ற வட்ட ஆட்டம். அது வழக்கமாம்.

அந்த வருடத் திருவிழாவன்று காலையில் ஊதுகாரர் துர்சுனின் கன்னம் பல்வலியில் பூசணியாக வீங்கிவிட்டது. நாற்பது பேர் கைகோத்து வட்டமாக நின்றார்கள். இசை இல்லை. சபீரே தன் துலுமை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"பொம்பளை மூச்சு பட்டா தோலு கிழிஞ்சிரும்மா" என்றார் ஊர்ப் பெரியவர் ஸியா.

"இது பொட்டையாட்டுத் தோலு மாமா. அது உசுரோட இருக்கும்போது மூச்சு விடலையா?"

வட்டம் சிரித்தது. ஸியா விடவில்லை. "சரி, ஊது. பாதி ஆட்டத்துல மூச்சுத் திணறி விழுவே பாரு."

சபீரே ஊதினாள். ஆட்டுத்தோலின் முன்னங்காலில் செருகிய ஊதுகுழாயின் அடியில் சின்னத் தோல்மூடி. உள்ளே போன காற்று திரும்பி வராது. பை உப்பியதும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தோலின் இன்னொரு காலில் சேர்த்துக் கட்டிய இரட்டை நாணல்குழல்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து துளை. ஒரு விரல் இரண்டையும் சேர்த்தே அடைக்கும். இசை எழுந்ததும் ஆடுபவர்களின் கால்கள் தரையை உதைத்தன.

ஆட்டம் சூடேறியது. சட்டென்று குழாயிலிருந்து வாயை எடுத்தாள். துலும் நிற்கவில்லை, முழங்கை அழுத்த அழுத்த அது பாடியது. அந்தச் சுருதியிலேயே அவளும் பாடினாள்:

"மூச்சு எங்கே ஸியா மாமா? அக்குளுக்குள்ளே இருக்கு!
முழங்கைக்கும் மீசை முளைச்சாதான் அழுத்துமோ, சொல்லு!"

பை தளருமுன் ஒரு ஊது, மறுபடி பாட்டு. துர்சுன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "போடு அக்கா!" என்று கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். ஸியாவின் வலது கால் முதலில் தாளம் போட்டது. பிறகு ஆளே வட்டத்துக்குள் வந்துவிட்டார்.

"தோலு தாங்குதே!" என்றார் மூச்சிரைக்க.

"தோலு தாங்கும் மாமா. நீங்க தாங்குவீங்களா?"

பனி இறங்கும்வரை அவள் நிறுத்தவில்லை, தலையும் குனியவில்லை. அடுத்த திருவிழாவுக்கு துர்சுனே வீடு தேடி வந்து அவளை அழைத்தார்.

உங்கள் ஊரிலும் "பொம்பளைக்கு மூச்சுப் பத்தாது" என்று யாராவது சொல்லுவார். வாய்ச்சண்டை வேண்டாம். கருவியை அவள் கையில் கொடுங்கள்.