மந்திரியாரின் நாற்பது கதிரைகள்

பனி அள்ளும் சவள்களுக்கு நடுவில் ஊன்றி நடக்கும் பொல்லு ஒன்று சாய்ந்து நிற்கிறது. பியோர்ண்டால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டடம் பார்க்கிற வேலை எனக்கு. என் நிலவறை அறையில் உள்ளதெல்லாம் குடியிருப்புச் சங்கத்தின் சொத்து. அடியில் இரும்புப் பூண் போட்ட அந்தப் பொல்லு மட்டும் மந்திரியாருடையது.

ஆப்பிரிக்க நாடொன்றில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, தொழிற்சங்கம் கட்டி, சிறைக்குப் போய், விடுதலைக்குப் பிறகு மூன்று வருடம் நீர்ப்பாசன மந்திரியாக இருந்தவர். சாகும்வரை தானே ஜனாதிபதி என்று நாட்டுத் தலைவர் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துக் கை உயர்த்தினார். பதவி போயிற்று, நாடும் போயிற்று. மிஞ்சியது எங்கள் மூன்றாம் மாடி. குழாய் ஒழுகுகிறதென்று எனக்கு எழுதும் முறைப்பாட்டையும் 'மதிப்புக்குரிய குடிமக்களே' என்றுதான் தொடங்குவார்.

வருடாவருடம் தன் நாட்டின் சுதந்திர நாளில் பொது மண்டபத்தை எடுத்துப் பேசுவார். நாற்பது கதிரை போட வேண்டும். முதலில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், பிறகு மூன்று பேர், பிறகு சாவி வைத்திருந்த குற்றத்துக்காக நான் மட்டும். அவர் மனம் நோகக்கூடாதென்று ஒருமுறை முப்பத்தொன்பது கதிரைகளை ஒளித்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றில் நான் அமர்ந்துகொண்டு, "மண்டபம் நிரம்பி வழியுது, மந்திரியார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோகிற முழங்காலோடு ஒவ்வொன்றாக இழுத்து வந்து போட்டார்.

"ஆக்கள் இருந்த கதிரையள். நீர் எழுப்பிப்போட்டீர்" என்றார். இருவருக்கும் பொது மொழி நொர்வேஜியம். இருவருமே அதைப் பாடாய்ப் படுத்துவோம். ஏதோ பகிடி என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை, குரல் போய்விட்டது. சுதந்திர நாளுக்கு முதல் நாள் மடித்த தாளொன்றை என் கையில் திணித்து, வாசி என்று சைகை காட்டினார். வீட்டில் சொன்னேன்.

"கலியாண வீட்டிலை மைக்கைக் கண்டாலே கக்கூசுக்கு ஓடுற ஆள். நீங்கள் மந்திரியின்ரை பேச்சு வாசிக்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

மெய்தான். சபையில் இருந்தது மந்திரியார் என்ற ஒரே ஒரு கிழவர். தாளைத் தலைகீழாகப் பிடித்தேன். அவசரக் கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன்; அதைப் பொருத்தியவனே நான்.

தாளில் பேச்சு இல்லை. மேலே ஒரு வரி: 'இவர்களும் கை உயர்த்தினார்கள். எல்லையைக் கடந்தது நான் மட்டும்.' கீழே நாற்பது பெயர்கள்.

வாசித்தேன். சரியாகச் சொன்னால் பொல்லால் ஒருதரம் தட்டுவார். பிழை என்றால் இருதரம். பயப்பட நேரமிருக்கவில்லை. ஒரு பெயரை மட்டும் ஏழு தடவை சொல்லவைத்தார். பிறகு எழுந்து வந்து, தாளின் ஓரத்தில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார்: 'தம்பி'.

இந்த வசந்தத்தில் மந்திரியார் இறந்துபோனார். போன கிழமை சுதந்திர நாள் வந்தது. மண்டபத்தைத் திறந்து நாற்பது கதிரையும் போட்டேன். இந்த முறை கேட்க ஒரு கிழவர்கூட இல்லை. ஆனாலும் தாளை மறுபடி தலைகீழாகத்தான் பிடித்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் காத்திருந்தேன். காற்றுக்குழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது. தம்பியின் பெயர் என் வாயில் நிச்சயம் பிழையாகத்தான் வந்தது. திரும்பச் சொன்னேன். ஏழு தடவை சொன்னேன். திருத்த ஆளில்லை.

கடைசியில், சரியோ பிழையோ தெரியாமல், அவருடைய பொல்லால் நானே ஒருதரம் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.