ஒரு பூட்டுக் காணும் என்றேன்

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தொழிற்சாலையில், ரோபோவைப் பழுதுபார்க்க அதைச் சுற்றியுள்ள வேலிக்குள் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். ஒரு பூட்டுக் கிடந்தாலும் மின்சாரம் வராது. அன்று என்னோடு வேலை செய்யும் ரவி அண்ணை தன் பூட்டை எடுக்கத் திரும்பினார். நான்தான் மறித்தேன்.

“நாங்கள் என்ன பிறத்தியாரே அண்ணை? என்ரை பூட்டே ரெண்டு பேருக்கும் காணும், வாங்கோ.”

என் பூட்டை மட்டும் போட்டுவிட்டு இருவரும் உள்ளே போனோம். என் பக்க வேலை முடிந்து வெளியே வந்தேன். அண்ணை தேநீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. பூட்டைக் கழற்றி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன்.

ரோபோவின் கை சுழன்றது.

“ஐயோ, நிப்பாட்டு! நான் உள்ளை நிக்கிறன்!”

சிவப்புப் பொத்தானை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டது. என் கைதான் நிற்கவில்லை. அண்ணையின் வலத்தோள் வேலியோடு நசுங்கியிருந்தது.

மருத்துவமனையில் மேலாளர் விசாரித்தபோது அண்ணை முந்திக்கொண்டு, பூட்டுப் போடாதது தன் பிழை என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். நான் கட்டிலருகேதான் நின்றேன்.

இப்போது அவரால் வலக்கையைத் தூக்க முடியாது. என்னைக் கண்டால் இடக்கையை உயர்த்திச் சிரிக்கிறார். மேலாளரிடம் இன்னும் நான் போகவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அவர் பூட்டெடுக்கத்தான் போனார்.