மீராலெவ்வை காக்கா கேட்ட துண்டு

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தார்கள். எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மீராலெவ்வை போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். மனதில் பாதி துக்கம்; மீதி, அவரிடம் கடைசிவரை சொல்லாமல் விட்ட ஒன்று.

எழுபதுகளின் கடைசியில், பட்டம் முடித்த கையோடு நான் அங்கே இரசாயனவியல் ஆசிரியராகப் போனேன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். போத்தல் கழுவுவார், கரைசல் கலந்து வைப்பார். மூன்று தரம் சரிபார்க்காமல் அலுமாரியைப் பூட்ட மாட்டார். பயந்தாங்கொள்ளி என்று சீண்டுவேன். "பயந்தவன்ட கைதான் கண்ணாடிக்கு நல்லம், சேர்" என்பார்.

அந்த வருடம் பாடத்தை முடிக்கிற அவசரத்தில் உயர்தர வகுப்புக்கு ஒரு குறுக்குவழி சொன்னேன். சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் என்ன எண் இருக்கிறதோ, அதுவே அதன் தாக்க வரிசை, அதாவது அதன் செறிவு கூடினால் வேகம் எத்தனை மடங்காகும் என்பதன் கணக்கு, என்றேன். ஒன்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் போத்தல் கழுவிக்கொண்டிருந்த காக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விடுமுறை விட்டது. அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் காக்கா என் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"குறை நினைக்காம ஒருக்கா லேப்புக்கு வாங்களன், சேர்."

மேசையில் இரண்டு கண்ணாடி முகவைகள். அவற்றின் அடியில் தாளில் பெருக்கல் குறி போலப் பென்சிலால் போட்ட புள்ளடிகள். தயோசல்பேற்றுக் கரைசலில் அமிலத்தை ஊற்றினால் மெல்லக் கலங்கிப் புள்ளடியை மறைக்கும். மறைய எடுக்கும் நேரம் தாக்கத்தின் வேகத்தைச் சொல்லும். ஒன்றில் அமிலத்தின் செறிவை இரட்டித்திருந்தார். இரண்டு புள்ளடிகளும் அநேகமாக ஒரே நேரத்தில் மறைந்தன. பிறகு தயோசல்பேற்றின் செறிவைப் பாதியாக்கினார். நேரம் இரண்டு மடங்காகியது.

"சமன்பாட்டில அமிலத்துக்கு முன்னால ரெண்டு கிடக்கு. நீங்க சொன்ன கணக்குக்கு வேகம் நாலு மடங்காகணும். அமிலம் பழுதாப் போச்சோ எண்டு புதுப் போத்தலும் திறந்து பாத்துட்டன். எனக்கிட்டதான் பிழையோ, சேர்?"

பிழை என்னிடம். வரிசையைச் சமன்பாட்டில் வாசிக்க முடியாது. செறிவை மாற்றிச் செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும். தெரிந்திருந்தும் அவசரத்தில் விட்டவன் நான். ஒரு கேள்வி தவறினாலே பல்கலைக்கழகம் கைநழுவுகிற காலம்.

கல்முனையிலும் நற்பிட்டிமுனை, காரைதீவுப் பக்கமும் இருந்த எட்டுப் பேரைச் சைக்கிளில் தேடிப் போனேன். "சின்னத் திருத்தம் ஒண்டு" என்று மழுப்பினேன். மிஞ்சியவன் தெற்கே கோமாரிக் கிராமத்துத் தவராசா. பஸ்ஸில் போய்வர ஒரு நாள் எடுக்கும். காக்கா தாம் போவதாகச் சொன்னார்.

"ஒரு துண்டு எழுதித் தாங்க, சேர். லேப் ஆள் சொன்னா அந்தப் பொடியன் நம்புவானா?"

பேனையை எடுத்தேன். 'நான் சொன்னது பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைக்க மனம் வரவில்லை. அது அதிபர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன்.

"வாயால சொன்னாப் போதும், காக்கா."

"ஓம், சேர்" என்றார். மறுநாள் பொழுதுபடத் திரும்பி வந்து, "சொல்லிட்டன்" என்றார். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

மையவாடியில் காக்காவுக்கு மண் போட்டு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் தவராசா நின்றிருந்தான். இப்போது காரைதீவில் ஆசிரியன்.

"அண்டைக்குக் காக்கா முகவை, போத்தல் எல்லாம் சாரத்தில சுத்திக் கொண்டுவந்து, எங்கட குசினியில செஞ்சு காட்டினவர், சேர். நான் நம்பாம மூண்டு தரம் செய்ய வச்சன். 'சேர்தான் அனுப்பினவர், உன்னை நினைச்சு அவருக்கு நித்திரையே இல்ல' எண்டார். அந்தக் கேள்வி பரீட்சையில வந்தது. உங்களாலதான் சரியா எழுதினன்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்று சீண்டிய மனிதர் அத்தனை கண்ணாடியோடு என் மானத்தையும் உடையாமல் கொண்டுபோய் வந்திருக்கிறார்.

அல்லாஹ் உங்கள் கப்றுக்குழியை விசாலமாக்கி வைக்கட்டும், காக்கா. நீங்கள் கேட்ட துண்டு இதோ. தாக்க வரிசை பற்றி நான் வகுப்பில் சொன்னது பிழை. மீராலெவ்வை காக்கா செய்து காட்டியதுதான் சரி. கீழே என் கையெழுத்து.