நினைவகக் கோளாறும் ஆரியசாலைத் தமிழும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதும், நீண்ட கட்டுரையைச் சுருக்கித் தரும் மொழி மாதிரிகளை, இணையம் இல்லாமல் அவரவர் கணினியிலேயே ஓட்ட உதவும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. விண்டோஸ் ஒன்று, மேக் ஒன்று, லினக்ஸ் ஒன்று என்று என் மேசை நிறையக் கணினிகள். பக்கத்து மேசைக்காரர்தான் நிரல் எழுதுகிறவர்.

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை. வீட்டில் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம் என்றே வளர்ந்தவள். பக்கத்து மேசைக்காரரோடும் பல மாதங்கள் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

அந்த வருடம் புதிய பதிப்பு ஒன்று தயாரானது. மேக்கில் அழகாக ஓடியது. விண்டோஸில் நினைவகம் போதாதபோது கொஞ்சத்தை வட்டுக்குத் தள்ளிவிட்டு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே பெருமூச்சு விடுகிற மாதிரி எழுதியது. லினக்ஸ் மட்டும் சமாதானத்துக்கு வராது. இடம் போதவில்லை என்றால் நிரலையே கொன்றுவிடும். ஒரு மத்தியானம், பாதிப் பதிலில் அது மறைந்துபோனதும் என் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“சவம், பின்னயும் செத்துப்போச்சே!”

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“நீங்க தமிழா? இத்தன நாளா சொல்லவேயில்லல்லோ!”

“நீங்க கேக்கவேயில்லியே.”

“எங்க வீடு ஆரியசாலையில. அப்பாவுக்கு மல்லியும் வத்தலும் மொத்த வியாபாரம். வீட்டுல தமிழ்தான், கேட்டோ.”

அன்றிலிருந்து அந்தக் கோளாறு எங்கள் இருவருக்கும் பொதுவாயிற்று. மற்றவர்களோடு மலையாளம், திரையில் ஆங்கிலம், எங்களுக்குள் தமிழ். உரையாடலில் எவ்வளவு நீளத்தை மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவை அளவுக்கு மீறி வைத்திருந்தோம். அதைக் குறைத்ததும் லினக்ஸ் கொல்வதை நிறுத்தியது. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டுக் கேள்வி கேட்டால், முதல் பதிலுக்கு நெடுநேரம் திணறியது. பயன்படாத வேளையில் மாதிரியின் பகுதிகளை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தோம். இறக்கவிடாமல் பூட்டிவைக்க ஒரு அமைப்பு உண்டு. அதைப் போட்டு, எவ்வளவு நினைவகத்தைப் பூட்டலாம் என்று லினக்ஸ் வைத்திருக்கும் அளவையும் கூட்டினோம். நாங்கள் கையால் தொடங்கினால் பூட்டியது. கணினி திறக்கும்போது தானாகத் தொடங்கினால் பூட்டவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை சாப்பாட்டு வேளையில் அவருடைய கடைக்குப் போனோம். மல்லி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊரு பிள்ளே?”

“பாறசாலை.”

“அப்ப நம்ம ஆளுதான். உக்காரு, சாயா குடிச்சிட்டுப் போ.”

வத்தல் நெடியில் நான் தும்மிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது, சாலைக்கடைத் தெருவின் நெரிசலில் ஒரு கைவண்டிக்கு வழிவிட என் முழங்கையைப் பிடித்து இழுத்தவர், வண்டி போன பிறகும் சற்று நேரம் விடவில்லை.

கோளாறின் முடிச்சு அவிழ்ந்தது சாதாரணமான ஒரு பேச்சில்தான்.

“பூட்டுறதுக்கான அளவ யாருக்குக் கூட்டி வச்சோம்?” என்று கேட்டேன்.

“எனக்க லாகினுக்கு.”

“தானா கிளம்பும்போ உங்க லாகின்லயா ஓடுது?”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யோ, அது சிஸ்டம் தன் கணக்குல ஓட்டுறதுல்லா! நாம வச்ச அளவ அது பாக்கவே பாக்காது.”

நிரலைத் தொடங்கிவைக்கும் கோப்பிலேயே அந்த அளவை எழுதினோம். கணினியை அணைத்துத் திறந்தோம். கேள்வி கேட்டதும் பதில் தடதடவென்று வந்து விழுந்தது. அவர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் சிரித்தேன். ஆனால் இனி எதைச் சாக்கிட்டு அவர் மேசைக்கு நாற்காலியை நகர்த்துவது என்றும் தோன்றியது.

அன்று மாலை என்னோடு ரயில் நிலையம்வரை வந்தார்.

“எனக்கு ஜெர்மனியில இருந்து ஒரு வேலைக்கு விளிச்சிருக்கு. போகணும்னு நெனச்சிருக்கேன்” என்றார். பிறகு, “அங்க சோதனைக்கும் ஆள் வேணுமாம். உங்கள சொல்லட்டா?” என்றார். தண்டவாளத்தைப் பார்த்தபடி, “வேலைக்கு மட்டும் இல்ல” என்றார்.

என் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அம்மா இல்லை. தம்பி வளைகுடாவில்.

“அப்பாவுக்கு நான்தானே உண்டு” என்றேன்.

“யோசிச்சு சொன்னாப் போதும்.”

ஊர் சேரும்வரை யோசித்தேன். அதற்குப் பிறகும் பல நாள் யோசித்தேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, வாயோரம் வழிந்ததைத் துடைக்கும்போது, பதில் தானாகவே வந்துகொண்டிருந்தது. வர முடியாது என்று அவரிடம் சொன்னேன். “எனக்கு அறியாம்” என்று மட்டும் சொன்னார். தெரியும் என்பதை மலையாளத்தில் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

அவர் போய் வெகுகாலம் கழித்து அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே புதிய கணினியில், கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் மாதிரி முழுவதும் ஏற மறுக்கிறது என்றார். மாதிரியின் எத்தனை அடுக்குகளை அட்டையில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணைக் குறைக்கச் சொன்னேன். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. சரியாகிவிட்டது என்றார். ஆனாலும் வைக்கவில்லை.

“அங்க மழையா? சத்தம் கேக்குது.”

“ஆமா. நல்ல மழ.”

“போன கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிங்களேன்.”

பிடித்தேன். கீழே தகரக் கூரையில் மழை கொட்டியது. ஆட்டோக்காரர்கள் சவாரிக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். கை கடுத்தும் மாற்றிப் பிடிக்காமல் நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவர் மூச்சு கேட்டது. “அவ்வளவுதான்” என்றார். வைத்துவிட்டார்.

பிறகு அங்கேயே திருமணம் செய்துகொண்டார். வாழ்த்து அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.

அப்பா போன வருடம் இறந்தார். காரியங்களுக்கு வந்திருந்த தம்பி, “இனி அக்காவுக்கு எங்க வேணும்னாலும் போகலாமே, நல்ல வேல கிட்டுமே” என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். தலையாட்டிவிட்டு, அப்பா படுத்திருந்த கட்டிலின் விரிப்புகளை எடுத்து நனைத்து வைத்தேன்.