ஆகாயத்துக்குப் போன வால்வு

அந்த றேடியோ என்னுடையது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் எங்கள் சனத்துக்குள் அதை என் மனுசனின் றேடியோ என்று சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்த என் மூத்த தமையன் லீவில் வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது. கண்டி வீட்டுக் கூடத்தில் தன் கையாலேயே தூக்கி வைத்துவிட்டுத்தான் கப்பலேறினார்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் உலை பொங்கிவிடும். மனுசனுக்குத் தந்திக் கந்தோரில் வேலை. காலையில் இங்கிலீசுப் பேப்பரை விரித்தால் ஆளைக் காண முடியாது. என்ன புதினம் என்று கேட்டால், பேப்பருக்குப் பின்னாலிருந்து “ஒண்டுமில்லை” என்று வரும். அவ்வளவு பெரிய பேப்பரில் ஒன்றுமில்லையாம். றேடியோ வந்த பிறகு நான் அவரைக் கேட்பதை விட்டுவிட்டேன். பின்னேரத்தில் கொழும்பிலிருந்து தமிழில் பேசுவார்கள், பாடுவார்கள். மழையில்லாத நாளில் இந்தியாவும் பிடிபடும். கோவிலில் மற்றப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று “என்னக்கா சொன்னவங்கள்?” என்று கேட்கிற நிலை வந்தது. நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தது. ஹேவாஹெட்டத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களுக்குள் கிடந்ததாம். உள்ளே பல்சா என்கிற மரத்தின் குச்சிகள். முருங்கைத் தடிகூட அவ்வளவு பாரமில்லாமல் இருக்காது. வெங்காயத் தோல் மாதிரிக் கடதாசி, ஒரு குட்டிப் பெற்றோல் இயந்திரம், விரித்தால் மேசையை மூடுகிற படம். மனுசன் படத்தின்மேல் குச்சிகளை வைத்து என்னுடைய தையல் ஊசிகளைக் குத்திக் குத்தி ஒரு ஏரோப்பிளேனை ஒட்டத் தொடங்கினார். அந்தப் பசையின் நெடி கறிக்குள்ளும் இறங்கியது. நாங்கள் நிலத்தில் பாய் போட்டுச் சாப்பிட்டோம்.

பெட்டியைச் செய்தவன் படத்தில் போட்டபடி செய்தால் அது தன்பாட்டில் ஏறித் தன்பாட்டில் இறங்கும். அதோடு விட்டிருந்தால் எனக்கும் அதற்கும் ஒரு வழக்கும் இல்லை. ஆனால் மனுசனுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். டவுனில் மணிக்கூட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். என் றேடியோவின் பற்றறிக்கு மின்சாரம் ஏற்றித் தருகிறவரும் அவர்தான். வாய் ஓயாது. கீழே நின்று தந்தி அடிக்கிற சாவியை அமத்த, மேலே பிளேன் திரும்ப வேண்டும், நடுவில் கம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணத்தை மனுசனின் தலைக்குள் வைத்தவர் அவர் என்று நான் சொல்வேன். மனுசன்தான் தனக்கு வைத்தார் என்று அவர் சொல்வார்.

இரண்டு பேருமாகப் பிளேனை அறுத்தார்கள். வாலில் நின்ற செட்டையை வெட்டி, என் சட்டைக்கு வாங்கிய பட்டில் ஒரு துண்டைக் கீறிக் கீல் வைத்து ஆடவிட்டார்கள். விடிய அடித்து எழுப்புகிற எலாம் மணிக்கூடு ஒன்றின் சில்லை எடுத்து வாலுக்குள் பூட்டினார்கள். சாவியை ஒருதரம் அமத்தினால் செட்டை வலப்பக்கம் போகும், விட்டால் நேராகும். அடுத்ததரம் அமத்தினால் இடப்பக்கம், விட்டால் திரும்பவும் நேர். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரோர்ச் பற்றறிகள் வைக்க வயிற்றைப் பெருப்பித்தார்கள். பாரம் கூடிவிட்டதென்று சிறகை உடைத்துத் திரும்ப நீட்டினார்கள். சிறகுக்குக் கீழே ஆளுக்கு ஒரு விரலை வைத்துத் தூக்கி, மூக்கு சரியுதோ வால் சரியுதோ என்று பார்த்துக்கொண்டு கூடத்தில் நிற்பார்கள். நான் விளக்குமாற்றோடு அவர்கள் காலடியில் கூட்டுவேன். விலகமாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிலால் வந்து றேடியோவைத் திருகினேன். சத்தமில்லை.

“இஞ்சேருங்கோ, றேடியோ ஏன் ஊமையாக் கிடக்கு?”

“பற்றறி இறங்கியிருக்கும்.”

“நேற்றுத்தானே ஏத்திக் கொண்டந்தது?”

“உதுகள் உமக்கு விளங்காது.”

“ஓம், விளங்காது. பின் பலகையில நாலு ஆணி இருந்தது. இப்ப மூண்டு நிக்குது. மற்றது உங்கட கால் பெருவிரலுக்குப் பக்கத்தில கிடக்கு.”

அவர் காலைப் பார்த்தார். நான் பலகையைக் கழற்றினேன். உள்ளே வால்வுகள் சின்னக் கண்ணாடிக் குமிழ்கள் மாதிரி வரிசையில் இருக்கும். ஒன்றின் இடம் வெறுமையாக இருந்தது. மேசையில் பிளேனின் வயிற்றுக்குள், இறப்பர்ப் பஞ்சுக்கு நடுவில், சாவி அனுப்புவதைக் கம்பியில்லாமல் பிடிக்கவென்று அது குந்தியிருந்தது.

மணிக்கூட்டுக்காரர் கதிரையில் இருந்து சிரித்தார். “தங்கச்சி, ஒரு கெழமைக்குத்தான். பறந்து முடிஞ்சா ஒங்கட வால்வு ஒங்கட றேடியோக்குள்ள ஈக்கும். கொழும்புக்குச் சொல்லியனுப்பினா மாசக்கணக்கு எடுக்கும், அதான்.”

“உங்கட கடையில எத்தினை மணிக்கூடு ஓடுது? அதில ஒண்டின்ர வயித்தைக் கிழிச்சு உதுக்குள்ள வையுங்கோவன்.”

“வெச்சதுதானே, எலாம் மணிக்கூடு!”

“அது ஓடாத மணிக்கூடு.”

அவர் சிரிப்பு நின்றது. மனுசன், “வீட்டுக்கு வந்த ஆளோட உப்பிடிக் கதைக்கிறதோ?” என்றார். “வீட்டுக்கு வந்த ஆள் வீட்டுச் சாமானைக் கழட்டலாமோ?” என்றேன். அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். கோவிலில் பெண்கள் என்ன புதினம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த மனுசன் சொல்லுகிற சொல்லை என் வாயால் சொல்ல வைத்ததை நான் மன்னிக்கவில்லை.

பறக்கவிடப் போகிற நாளில் நானும் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

“பொம்பிளையள் வாற இடமில்லை அது,” என்றார்.

“என்ர சாமான் ஆகாயத்தில போகேக்க நான் அடுப்படியில நிக்கேலாது.”

மணிக்கூட்டுக்காரரின் மச்சானுடைய காரில் போனோம். சிறகுக்கு வேறு இடமில்லாமல் அதை என் மடியில்தான் வைத்தார்கள். பல்லேகலப் பக்கம் அப்போது வெறும் புல்வெளி. சரிவில் இறங்கினால் வயல். சாவியும் அது அடிப்பதை ஆகாயத்துக்கு அனுப்புகிற பெட்டியுமாக மனுசன் ஒரு கல்லில் இருந்தார். கந்தோரில் இருக்கிற அதே இருப்பு, முதுகு நேராக, மணிக்கட்டு மேசையைத் தொடாமல். மணிக்கூட்டுக்காரர் விரலால் காற்றாடியைச் சுண்டச் சுண்ட, அது பலதரம் தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஓடியது, எழும்பியது. மனுசன் சாவியை அமத்தினார். பிளேன் வலப்பக்கம் திரும்பியது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: திரும்பியது. விட்டார், நேராகப் போனது. மணிக்கூட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி எறிந்து துள்ளினார். எனக்கு அதன் வயிற்றுக்குள் இருந்ததுதான் கண்ணில் தெரிந்தது.

பிறகு காற்று அதை வயல் பக்கம் தள்ளியது. திருப்ப வேண்டும். அடுத்தது இடமா வலமா என்பது மனுசனுக்கு மறந்துபோனது. ஒருதரம் அமத்தினார், நினைத்த பக்கத்துக்கு மற்றப் பக்கம் போனது. அவ்வளவுதான், கை பதறிவிட்டது. பதறிய கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. இத்தனை வருசமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தந்தி அடிக்கிற விரல், கடகடகடவென்று தந்தி அடிக்கத் தொடங்கியது.

“ஐசே! தந்தியா அடிக்கிறீங்க? வெரல எடுங்க! வெரல எடுங்கன்டா!” என்று மணிக்கூட்டுக்காரர் கூவினார்.

விரல் எடுபடவில்லை. வாலுக்குள் கிடந்த சில்லு பாவம், அந்த வேகத்துக்கு எப்படி ஓடும்? வலப்பக்கத்தில் சிக்கிக்கொண்டது. பிளேன் சுற்றிச் சுற்றி, சுற்று சிறுத்துச் சிறுத்து, நாற்று நட்ட வயலுக்குள் தலைகீழாகப் போனது. அது விழுந்த பிறகும் மனுசன் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

“ஆருக்கு அடிச்சனீங்கள்? பதில் வந்ததோ?” என்று கேட்டேன்.

நான் முதலில் இறங்கினேன். முழங்காலளவு சேறு. சேலையைப் பற்றி யோசிக்கவில்லை. பின்னால் மனுசன் ஓடிவந்து, “சிறகைப் பாரும், சிறகு முறிஞ்சு போச்சோ?” என்று கத்தினார். வால்வைக் கேட்கவில்லை. கிழிந்த கடதாசிக்குள் கையை விட்டு இறப்பர்ப் பஞ்சை இழுத்தேன். கண்ணாடியில் கீறலில்லை. நெஞ்சுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காலில் ஏறின அட்டையைக்கூடப் பிடுங்காமல் றோட்டுக்கு ஏறினேன்.

“தங்கச்சி, காரில வாங்க!” என்று மணிக்கூட்டுக்காரர் கூப்பிட்டார்.

“ஓடாத மணிக்கூட்டுக்காரரின்ர கார் எனக்கு வேண்டாம்.”

பஸ்ஸில் சேறோடு ஏறினேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டில் நானே வால்வை றேடியோவுக்குள் பூட்டினேன். நாலு கால், ஒன்று மட்டும் தள்ளி நிற்கும். வேறு விதமாக வைத்தால் இறங்காது. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. திருகினேன். கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு இங்கிலீசில் ஒருவன் பேசினான். இருந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

மனுசன் முறிந்த சிறகைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“உடையேல்லை! அப்ப சிறகை ஒட்டிப்போட்டு இன்னொருக்கா விடலாம்,” என்றார். சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு றேடியோவுக்கு முன்னால் இருந்தார். நியூஸ் கேட்க.

நான் அணைத்தேன். பின் பலகையைக் கழற்றி, வால்வை எடுத்து, துணியில் சுற்றி, என்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பை இடுப்பில் செருகினேன்.

“என்ன செய்யிறீர்? நியூஸ் போகுது!”

“என்ன புதினமெண்டு நாளைக்குக் கேளுங்கோ. சொல்லுறன்.”

அன்றிலிருந்து தமிழ் நிகழ்ச்சிக்கு வால்வு அலுமாரியால் வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போகும். யாழ்ப்பாணத்துக்குப் போனால் என்னோடு றெயில் ஏறும். மணிக்கூட்டுக்காரர் ஒருதரம் வாசலில் நின்று, கொழும்பில் புது வால்வு வந்திருக்கிறது, பழையதை மாற்றித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். புதியதை அவரையே வைத்திருக்கச் சொன்னேன்.