ரோடு இல்லாத இடத்தில் பூஜை போடச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் மணி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. ஏரிக்கோடி நகரில் பெயர் சொல்லாமல் அக்கா என்றால் சரோஜா அக்கா ஒருவர்தான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு இப்படியா போவது?

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணனூரில் பிறந்தவர். கணவர் ஆவடியில் தொழிற்சாலை ஊழியர். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி எங்கள் நகரின் கடைசித் தெருவில் வீடு கட்டினார்கள். நகர் என்று பெயர்தான். ஊராட்சி எல்லை, மண் ரோடு. ஆவடி கூப்பிடு தூரத்தில் இருக்கும். மழை பெய்தால் மலைக்கிராமத்துக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. குக்கிராமங்களுக்கெல்லாம் சாலை போட நிதி ஒதுக்கிவிட்டதாக டிவியில் சொல்லும்போது, நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருப்போம்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சேற்றில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பிற்பாடு ரோடு கேட்டு அதிகாரியைப் பார்க்கப் போனபோது, "அதைச் சொல்லுங்கக்கா, மனசு இரங்குவார்" என்றேன். என்னை அப்படி ஒரு முறை முறைத்தார். "அத்த சொல்லிக் கேட்டா அது பிச்சை. நான் இன்னாத்துக்குப் பிச்சை எடுக்கணும்? எல்லாரை மாரி வரி கட்டறேன், எல்லாரை மாரி ரோடு போடு. அவ்ளோதான்." உள்ளே போய் அதிகாரியிடமும் இதையேதான் சொன்னார், குரலைக் கொஞ்சமும் இறக்காமல்.

ஒருவழியாக ரோடு வந்தது. வந்த கதையை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பூமி பூஜைக்கு மெயின் ரோட்டு முனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அங்கேதான் கார் வரும், அங்கேதான் நிழல், அங்கேதான் போட்டோ எடுக்க வசதி. பூ சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்த கடப்பாரை தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா நேராகப் போனார். கடப்பாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடக்க ஆரம்பித்தார்.

"அம்மா, அம்மா, பூஜை இங்கதாம்மா!" என்று ஊராட்சிப் பெரியவர் பதறினார்.

"இங்க இன்னாத்துக்குப் பூஜை? இங்கதான் ரோடு கீதே. இல்லாத எடத்துல போடு நைனா."

கடப்பாரை இல்லாமல் பூமி பூஜை எப்படி நடக்கும்? ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வெள்ளை வேட்டிகள் எல்லாம் சேற்றில் நடந்தன. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வீட்டைத் தாண்டி, கால்வாய்க் கரையில் போய்த்தான் கடப்பாரையை ஊன்றினார். "இங்கேர்ந்து ஆரம்பி" என்றார். ஒப்பந்தக்காரர் தலையைச் சொறிந்தார். "லாரி உள்ள வராதேம்மா."

"வராதுல்ல? அதுக்குத்தான்யா ரோடு கேக்கறோம்!"

சும்மா அடம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் விளக்கினார். "மெயின் ரோட்லேர்ந்து ஆரம்பிச்சா பாதில பணம் தீந்துடுச்சுன்னு பூடுவான். நம்ம தெரு அப்டியே கெடக்கும். உள்ளேர்ந்து வந்து பாதில நின்னா, முன்னாடி கடை வச்சிகினு கீறவன் சும்மா உடுவானா?" அப்படியேதான் ஆயிற்று. வேலை நடுவில் நின்றது. கடைக்காரர்கள் போட்ட கூச்சலில் மறுபடி தொடங்கி, மடமடவென்று முடிந்தும் விட்டது. அதே கூச்சலை நாங்கள் வருஷக்கணக்கில் போட்டிருந்தோம். எங்கள் தொண்டைக்கு மட்டும் என்ன குறைச்சலாம்? நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு மனமில்லை. வாய் கொஞ்சம் அதிகம். கணினிக் கம்பெனியில் வேலை செய்யும் என்னை "ஏசி ரூம் பொண்ணு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். அரும்பாடுபட்டு வாங்கிய புது ரோட்டிலேயே மீன் கழுவின தண்ணீரை ஊற்றுவார். ஏன்க்கா என்று கேட்டால், "என் ரோடு, நான் ஊத்துவேன், போவியா" என்பார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே இன்னும் சேறுதான். கடைசி மாதங்களில் அக்கா அலைந்ததெல்லாம் அந்தத் தெருக்களுக்காக. உங்களுக்குத்தான் ரோடு வந்துவிட்டதே என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்களாம். "ரோடு எங்க வூட்டோட முடிஞ்சுட்டா, மனுசனும் அங்கியே முடிஞ்சுட்டானா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அமரர் ஊர்தி வாசல் வரைக்கும் வந்து நின்றது. கடைசித் தெருவில் ஒரு சாவுக்கு வண்டி அப்படி வந்தது அதுதான் முதல் முறை. அதைப் பார்த்ததும் நான் உடைந்துபோய் அழுதேன். பின்னாலேயே ஊராட்சிப் பெரியவரின் கார். மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ரோட்டுக்கு அம்மா பெயரை வைத்து ஒரு வளைவும் கட்டிவிடலாம் என்றார்.

"வளைவு வேணாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரோடு போடுங்க" என்றேன்.

"அதுக்கு நிதி வரணுமேம்மா."

"எப்படிங்க வரும்? அங்கதான் வழியே இல்லையே!"

சாவு வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு ஊர் தாண்டி வந்து, தானுண்டு தன் வேலையுண்டு என்று வீட்டுக்குள் கிடந்த பெண் நான். பெரிய மனிதர் முகத்துக்கு நேரே இப்படிப் பேச எனக்குத் தெரியாது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வாயைத்தான். மீதியெல்லாம் அவர் பிள்ளைகளுக்கு.

வருகிற திங்கட்கிழமை அந்தப் பக்கத்துப் பெண்களோடு ரோடு கேட்டு அலுவலகத்துக்குப் போகிறேன். அக்காவுக்காக அழுதவர்கள் எல்லோரும் காலையில் கால்வாய்க் கரைக்கு வந்துவிடுங்கள். சேறாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் போகிறோம்.